சிவப்புத் துண்டும் பச்சை நைட்டியும்

எங்கள் குப்பத்தில் காரணமில்லாமல் யாரும் ஓட மாட்டார்கள். ஒருவர் ஓடுகிறார் என்றால் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்திருக்க வேண்டும், அல்லது தண்ணீர் லாரி வந்திருக்க வேண்டும், அல்லது கரையோரம் மீன் கும்பல் வந்திருக்க வேண்டும். உடம்புக்கு நல்லது என்று ஓடுவது, வியர்வை வருவதற்காகவே ஓடுவது, ஓடிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது, இதெல்லாம் ஒரு பக்கம் பழவேற்காடு ஏரியும் மறுபக்கம் கடலுமாக நடுவில் ஒரு மணல்பட்டையில் வாழும் எங்கள் ஜனத்துக்குப் புரியாத சங்கதி. நான் கல்லூரியில் எண்ணூறு மீட்டர் ஓடிக் கோப்பை வாங்கி வந்தபோது ஏழுமலை மாமா (அம்மாவின் அண்ணன், எங்கள் படகை ஓட்டுபவர்) அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு தொரத்துனாங்க?" என்றுதான் கேட்டார்.

இப்படிப்பட்ட ஊரில்தான் நான் கால் உடைந்து, எட்டு மாதம் படுத்து எழுந்து, மறுபடி ஓடிப் பழகினேன். பழகிய முதல் நாளிலேயே மொத்தக் குப்பத்தையும் ஓட வைத்தேன்.

உடைந்தது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசல். வலித்த அன்றே ஓட்டத்தை நிறுத்தியிருந்தால் ஒரு மாதத்தில் சரியாகியிருக்கும் என்றார்கள். நான் நிறுத்துகிற ஜாதி இல்லை. வலியை முந்திக்கொண்டு ஓடிவிடலாம் என்று பார்த்தேன். வலிதான் முந்திக்கொண்டது.

அதற்குள் காவலர் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். அடுத்தது உடல்தகுதித் தேர்வு. அதில் ஓட்டம் உண்டு. கால் தேறினால் காக்கிச் சட்டை. மறுபடி விரிசல் விட்டால் விடிகாலையில் மீஞ்சூர் பக்கம் ஏதாவது கம்பெனி வேனுக்குக் காத்து நிற்க வேண்டியதுதான். இந்த இரண்டுக்கும் நடுவே நின்றது என் ஒற்றைக் கால் எலும்பு.

பொன்னேரியில் எனக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபி மேடம் நிதானமான மனுஷி. காலை அமுக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார். அப்புறம் தீர்ப்பு வழங்கினார்.

"ஒரு நிமிஷம் ஓடு. ரெண்டு நிமிஷம் நட. மறுபடி ஒரு நிமிஷம் ஓடு. இப்போதைக்கு இவ்ளோதான்."

"ஒரு நிமிஷமா? ஒரு நிமிஷத்துல ஷூ லேஸ்கூட கட்ட முடியாது மேடம்!"

"அப்ப லேஸ கட்டிக்கிட்டு வீட்லயே உக்காரு. எலும்பு உன் அவசரத்துக்கு ஒட்டாதும்மா."

கூடவே இன்னும் இரண்டு கட்டளைகள். நடக்கிற நேரத்தில் கையைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்ற வேண்டும், படுத்தே கிடந்ததில் தோள் இறுகிப்போயிருக்கிறது. எல்லாம் முடிந்ததும் ஒரு துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துத் தலைக்கு மேலே உயர்த்தி, மூச்சை நிதானமாக விட்டபடி அசையாமல் நிற்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் அம்மா தன் பங்குக்கு ஒரு கட்டளை போட்டாள். "வெறும் பனியனோட கடக்கரையில ஓடுவியா? ஊரு இன்னா பேசும்? நைனா சட்டைய மேல போட்டுக்கினு போ."

இந்த இடத்தில் என் நைனாவின், அதாவது அப்பாவின், வேலையைச் சொல்லியாக வேண்டும். எங்களுடையது கரைவலை. படகு வலையோடு கரைக்குக் கொஞ்சம் தள்ளி மிதந்துகொண்டிருக்கும். கரையில் மணல்மேட்டின் மேல் ஒருவர் நின்று தண்ணீரின் நிறத்தையும் சிலிர்ப்பையும் பார்த்து மீன் கும்பல் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பார். எங்கள் வலைக்கு அது நைனா. கையில் சிவப்புத் துண்டு. அவர் கும்பலோடு கூடவே கரையில் ஓடினால் படகும் அந்தத் திசையில் போகும். நின்று துண்டைத் தலைக்கு மேல் சுற்றினால் "மீன் இங்கேதான் இருக்கிறது, காத்திரு" என்று அர்த்தம். துண்டை இரண்டு கையாலும் விரித்து உயர்த்திப் பிடித்தால், "போடு வலையை!" அவ்வளவுதான். படகு கரைக்குப் பாய்ந்து வந்து கயிற்றின் ஒரு முனையைக் கரையில் கொடுத்துவிட்டு, வளைத்து வலையைப் போட்டபடியே போய் மறுமுனையைக் கரைக்குக் கொண்டுவரும். அப்புறம் ஊரே கூடி இழுக்கும்.

இதையெல்லாம் நான் தவழுகிற வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். துண்டு மொழி எனக்குத் தமிழ் மாதிரி. எந்த அசைவுக்கு என்ன பொருள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (தூக்கத்தில் கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பேன். விழித்திருந்ததுதான் தப்பாகிவிட்டது.)

தை மாதத்துப் பனி. எழுந்தேன், ஷூ மாட்டினேன், நைனாவின் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டேன். காதில் இயர்போன், கையில் நிமிடத்தைப் பீப் அடித்துச் சொல்லும் போன். வியர்வை துடைக்கவும் கடைசிப் பயிற்சிக்கும் துண்டு வேண்டுமே? கொடியில் தொங்கியது. எடுத்துக்கொண்டேன். என்ன நிறம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த முதல் நிமிடத்தை மட்டும் கிண்டல் செய்ய எனக்கு இன்றும் மனம் வருவதில்லை. ஈரமணலில் கால் பதியும்போதெல்லாம் இப்போது வலிக்குமோ, இப்போது வலிக்குமோ என்று உடம்பு முழுவதும் காதாக இருந்தது. வலிக்கவில்லை. அடுத்த அடி. வலிக்கவில்லை. உப்புக்காற்று முகத்தில் அறைகிறது, எட்டு மாதமாகப் பெஞ்சில் உட்கார வைத்திருந்த கால்கள் இரண்டும் விளையாட்டு மணி அடித்த பிள்ளைகள் மாதிரி துள்ளுகின்றன, கண்ணில் என்னையறியாமல் தண்ணீர். அதற்குள் பீப். நடக்க வேண்டும். நடந்தேன். மேடம் சொன்னது போலக் கையைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றினேன். கையில் துண்டு இருந்ததால் துண்டும் சுற்றியது.

மறுபடி பீப். வடக்குப் பார்த்து ஓட்டம். மறுபடி பீப். நடை, சுற்றல்.

அப்போதுதான் கவனித்தேன். பனிக்குள் மங்கலாக ஒரு படகு. ஏழுமலை மாமாவின் படகு. நான் ஓடினால் அது வடக்கே நகர்கிறது. நான் நடந்தால் அது நிற்கிறது. ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டேன், சந்தேகமே இல்லை, மாமா எனக்குத் துணைக்கு வருகிறார்!

யார் துரத்தினார்கள் என்று கேட்ட மனுஷன், இன்று தங்கை மகள் மறுபடி ஓடுகிறாள் என்றதும் தொழிலைக்கூட விட்டுவிட்டுப் படகோடு கூட வருகிறாரே! பெரிய பந்தயங்களில் வீரர்களுக்குப் பக்கத்தில் வண்டி வருமே, அப்படி! நன்றியைத் தெரிவிக்க வேண்டாமா? துண்டை இன்னும் உயரமாக, இன்னும் வேகமாகச் சுற்றினேன். படகில் ஒரு பரபரப்பு தெரிந்தது. அங்கிருந்தும் இரண்டு பேர் கையை ஆட்டினார்கள். ஆகா, என்ன பாசம்!

கடைசி நடையும் முடிந்தது. கடலைப் பார்த்து நின்று, கண்ணை மூடி, துண்டை இரண்டு கையாலும் விரித்துத் தலைக்கு மேலே உயர்த்தினேன். மூச்சை இழுத்தேன். விட்டேன். எவ்வளவு அமைதி! இயர்போனில் புல்லாங்குழல் வேறு.

கண்ணைத் திறந்தபோது எனக்கு எதிரே, இடுப்புவரை நனைந்து, தோளில் கயிற்று முனையோடு சேகர் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அவர் எங்கள் படகில் கயிறு கொண்டுவருபவர். வாய் அசைந்தது. இயர்போனைப் பிடுங்கினேன்.

"...எம்மாம் பெரிய கும்பலு? மடவையா? சீக்கிரம் சொல்லுண்ணே!" என்றவர், பனியில் கண்ணைச் சுருக்கி என் முகத்தைப் பார்த்தார். தோளிலிருந்த கயிறு மெதுவாக நழுவியது. "ஏய்... மோனி? நீயா? உங்கப்பாரு எங்க?"

"வீட்ல அண்ணே."

"அப்ப மீனு?"

"எந்த மீனு?"

சேகர் அண்ணன் என் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருவரும் கடலைப் பார்த்தோம். மாமாவின் படகு உறுமிக்கொண்டு வளைந்து போய்க்கொண்டிருந்தது. படகின் பின்னாலிருந்து எங்கள் வலை, தாராளமாக, அழகாக, தண்ணீருக்குள் விழுந்துகொண்டே இருந்தது.

தெற்கே திரும்பினேன். தூரத்தில், நைனா வழக்கமாக நிற்கும் மணல்மேட்டில் ஓர் உருவம் தலைகால் தெரியாமல் குதித்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே பச்சையாக ஏதோ சுற்றியது. உற்றுப் பார்த்தேன். அது நைனா. அவர் சுற்றியது அம்மாவின் நைட்டி.

நடந்தது இதுதான். காலையில் துண்டைக் காணோம் என்று நைனா வீட்டையே தலைகீழாகக் கவிழ்த்திருக்கிறார். கிடைக்காமல் வெறுங்கையோடு வெளியே வந்தவர் கண்ணில் பட்டது, இரண்டு வருஷமாகப் பார்த்திராத அளவுக்கு ஒரு மடவை மீன் கும்பல். மாமாவுக்குப் போன் அடித்தார், எடுக்கவில்லை. ஓடிப்போய்க் கொடியில் கைக்குக் கிடைத்ததை உருவிக்கொண்டு மேடேறி ஆட்டத் தொடங்கியிருக்கிறார்.

இந்த நேரத்தில் நிதானமுள்ள ஒருத்தி என்ன செய்திருப்பாள்? சேகர் அண்ணன் கையில் துண்டைக் கொடுத்து ஓடச் சொல்லியிருப்பாள். நான் துண்டை எடுத்துக்கொண்டு நைனாவை நோக்கி நானே பாய்ந்தேன். ஒரு நிமிடமாவது, இரண்டு நிமிடமாவது! எட்டு மாதத்தில் இல்லாத பாய்ச்சல், கல்லூரிக் கோப்பைக்குக்கூட ஓடாத ஓட்டம்.

நான் ஓடியது நைனாவிடம் துண்டைக் கொடுக்க. ஆனால் சிவப்புத் துண்டு இவ்வளவு வேகமாகக் கரையில் பறப்பதைப் பார்த்த குப்பத்துக்கு அது தெரியுமா? "கும்பலு! கும்பலு!" என்று ஒரு குரல். அவ்வளவுதான். பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் வாயில் நுரையோடு ஓடி வந்தார்கள். பெண்கள் கூடையோடு ஓடி வந்தார்கள். டீக்கடையே காலியாகிக் கடைக்காரரும் ஓடி வந்தார். எல்லாரும் வடக்கே வலையைப் பார்த்து ஓட, நான் மட்டும் தெற்கே, அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, "இல்ல! மீனு இல்ல!" என்று கத்தியபடி. யாருக்கும் கேட்கவில்லை. கேட்டவர்கள், "இன்னும் தெக்காலயும் கீதாம்!" என்று பக்கத்தில் சொல்லிக்கொண்டார்கள்.

பாதி தூரத்தில் வலது கால் சுருக்கென்றது. அந்தப் பழைய இடத்துக்கு மிக அருகில். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். துண்டு ஒரு பக்கம், போன் ஒரு பக்கம். போன் மட்டும் கடமை தவறாமல் பீப் அடித்தது.

தெற்கே மடவைக் கும்பல் ஆழத்துக்குப் போய்விட்டது. வடக்கே ஊர் கூடி வலையை இழுத்தது. கனமோ கனம். "தாராளமா கீது, இழு!" என்று மாமா உற்சாகமாகக் கத்தினார். வலையின் பை போன்ற மடி கரைக்கு வந்தபோது உள்ளே கண்ணாடிக் கஞ்சி மாதிரி தளதளவென்று மலையாகக் குவிந்திருந்தது சொறி. தொட்டால் அரிக்கும், விற்றால் யாரும் வாங்க மாட்டார்கள், வலையிலிருந்து எடுக்க அரைநாள் ஆகும் அந்த ஜெல்லி மீன். அதன் நடுவே இரண்டு நண்டுகள், ஊர் ஏமாந்ததைப் பார்க்க வந்தவை போல.

அப்புறம் விசாரணை தொடங்கியது. எல்லாரும் கையைச் சொறிந்துகொண்டே பேசினார்கள்.

"மச்சான், நீ நைட்டிய ஆட்டுனது எனக்கு தெரிஞ்சிச்சு," என்றார் மாமா. "எவனோ காலங்காத்தால சரக்கு போட்டுக்கினு ஆட்றான்னு நெனச்சிக்கினேன். நைட்டிக்கு வலை போட்ற பழக்கம் நம்ம குப்பத்துல கெடையாதே!"

"போன் அடிச்சேனேய்யா!"

"போனு பிளாஸ்டிக் கவர்ல கீது. இஞ்சின் சத்தத்துல எங்க கேக்குது? அத்தவுடு, இந்த பொண்ணு இன்னா பண்ணிச்சு தெரியுமா? ஓடுது, நிக்குது. ஓடுது, நிக்குது. நின்னு நின்னு போவுதே, இது சத்தியமா மடவைதான்னு நான் சூடம் அடிக்காத கொறை!"

அம்மாவின் கவலை வேறு. "என் நைட்டிய ஊரே பாத்துட்ச்சு! துணி காய்ப்போட்டா இந்த ஊட்ல ஒண்ணு தங்குதா?"

இந்தக் கூச்சலெல்லாம் எனக்குப் பின்னணியில்தான் கேட்டது. ஏனென்றால் எல்லாருக்கும் முன்னால் நைனா என்னிடம் வந்திருந்தார். நைட்டியை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, மணலில் மண்டியிட்டார். நான் திட்டுக்குத் தயாராகத் தலையைக் குனிந்தேன். அவ்வளவு பெரிய கும்பலைக் கைநழுவ விட்ட மனுஷன் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"காலு?"

அதற்குப் பிறகுதான் நான் அழத் தொடங்கினேன். வலியைவிட அந்தக் கேள்விக்குத்தான் அதிகம் அழுதேன்.

அன்றே பொன்னேரிக்குப் பைக்கில் உட்கார வைத்து அழைத்துப்போனார். வழியெல்லாம் பள்ளம் வந்தால் தானே இறங்கி வண்டியைத் தள்ளினார், என் கால் அதிரக் கூடாது என்று. படம் எடுத்துப் பார்த்துவிட்டு மேடம் சொன்னார்: "எலும்புக்கு ஒண்ணுமில்ல. சதைதான் இழுத்துப் பிடிச்சிருக்கு. ஆனா நான் ஒரு நிமிஷம்தானே சொன்னேன், இப்படி தலைதெறிக்க யாரு ஓடச் சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா பணிவாகச் சொன்னார்: "மீனு மேடம்."

மேடம் படத்தை உறைக்குள் போட்டு நைனாவிடம் நீட்டினார். அப்புறம், "நல்லா ஆறட்டும். ஆறினதும் மொதல்லேருந்து ஆரம்பி," என்றார். எழுந்து வரும்போது நைனா மட்டும் திரும்பிப் போய் ஓட்டத்துக்கு எவ்வளவு, நடைக்கு எவ்வளவு என்று இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கால் ஆறி மறுபடி கரைக்கு வந்த அன்று புரிந்தது. எனக்கு முன்னால், நைனா கேட்டு வந்த அந்த நிமிடக் கணக்கு ஊர் முழுக்கப் பரவியிருந்தது. இனி துண்டு குழப்பம் வரக் கூடாது என்றால், இந்தப் பெண் எப்போது ஓடுகிறாள், எப்போது நடக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்திருப்பதே நல்லது என்று முடிவு செய்துவிட்டார்கள். நான் நாலு அடி அதிகம் ஓடினால் இறால் பிரித்துக்கொண்டிருக்கும் பெண்கள் தலையை நிமிர்த்தாமலே, "மோனி, நட!" என்பார்கள். வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள், "டைம் ஆயிட்ச்சு, நட நட!" என்பார்கள். அங்கெல்லாம் தப்பித்துத் தூரமாகப் போய்த் திருட்டு ஓட்டம் ஓடலாம் என்று பார்த்தால், கடலுக்குள்ளிருந்து மாமா தகர டப்பாவைத் தட்டுவார். "ஏய் மடவை! நடடீ!" (அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.)

அன்று போன கும்பல் எத்தனை வீட்டு வருமானம் என்று எனக்குத் தெரியும். அந்தச் சொறியை வலையிலிருந்து பிரித்தெடுத்த கைகள் இரண்டு நாள் வீங்கிக் கிடந்ததும் தெரியும். ஒரு வீட்டிலிருந்தும் ஒரு கடுஞ்சொல் வரவில்லை. கிண்டல் வந்தது, தினமும் வந்தது, இன்றும் வருகிறது. ஆனால் அந்தக் கிண்டல்களோடு சேர்த்து என் எலும்பையும் அவர்கள் காவல் காத்தார்கள். தனியாக விட்டிருந்தால் முதல் வாரத்திலேயே பத்து நிமிடம் ஓடி மறுபடி படுத்திருப்பேன். என்னை எனக்கே நன்றாகத் தெரியும். ஒரு நிமிடம் இரண்டானது, இரண்டு ஐந்தானது, நடை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கால் ஒரு முறைகூட முணுமுணுக்கவில்லை.

உடல்தகுதித் தேர்வன்று நைனாவும் கூட வந்தார். உள்ளே விட மாட்டார்கள். மைதானத்துக் கம்பி வேலிக்கு வெளியே, விரல்களைக் கம்பிக்குள் கோத்துக்கொண்டு நின்றார். விசில் ஊதியதும் நான் பாய்ந்தேன். பாதிச் சுற்று தாண்டியது. மூச்சு சீராக இருந்தது, கால் சொன்னபடி கேட்டது, எனக்கு முன்னால் இரண்டே பேர். வேலிப் பக்கத்து வளைவில் திரும்பினேனோ இல்லையோ, மாதக்கணக்காகச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன என் நைனா, தன்னை மறந்து, மைதானமே அதிரக் கத்தினார்:

"நட! மோனி, நட! போதும், நட!"

எனக்கு முன்னால் ஓடிய ஒருத்தி யாரோ அதிகாரிதான் சொல்கிறார் என்று நினைத்து மெய்யாலுமே வேகத்தைக் குறைத்தாள். நிறுத்துக் கடிகாரம் வைத்திருந்த அதிகாரி சிரிப்பை அடக்க முடியாமல் தொப்பியை முகத்துக்கு நேராக இறக்கிக்கொண்டார். நான் சிரித்துக்கொண்டே ஓடி, சிரித்துக்கொண்டே கோட்டைத் தாண்டினேன். நைனா பேச்சை நல்ல காரியத்துக்காக மீறியது அதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்த்தால் அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

இப்போது நான் காவலர். விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்புகிற காலைகளில் எப்படியும் தாமதமாகிவிடும். தூரத்தில் பேருந்து ஹாரன் அடிக்கும். பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடத் தொடங்குவேன். உடனே இறால் பிரிக்கும் இடத்திலிருந்து ஒரு குரல், வலை பின்னும் இடத்திலிருந்து ஒரு குரல், டீக்கடையிலிருந்து இரண்டு குரல். எல்லாம் ஒரே வார்த்தை. எனக்குக் கால் தானாக நின்றுவிடுகிறது. காக்கிச் சட்டையோடு, ஊர் முன்னால், ஒழுங்காக நடக்கிறேன். பேருந்து போய்விடுகிறது. தாமதத்துக்குக் காரணம் கேட்கும் ஆய்வாளரிடம் இன்றுவரை பேருந்தைத்தான் பழி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.